பத்து மைல் பாதையும் நமது பொறுப்பும்

சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரையில் ரயில் போடுவதென்று தீர்மானிக்கப்பட்ட தூரம் 16 கிலோமீட்டர். பழைய கணக்கில் பத்து மைல். கோழி கூவும் நேரத்தில் மாட்டு வண்டி கட்டிப் புறப்பட்டால், வெயில் உறைக்குமுன் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரம். அந்தப் பத்து மைலுக்குக் காகிதத்தில் அனுமதி கிடைத்த பிறகு ஒரு வியாழ வட்டம் கழிந்தும் வண்டி ஓடவில்லை என்பது இந்த ஜில்லாவின் சரித்திரத்தில் எழுதப்பட்டுவிட்ட செய்தி. 1853-ஆம் வருஷத்தில் வேலை ஆரம்பித்த மதராஸ் ரயில்வே கம்பெனியோ, 1856 ஜூலை 1-ஆம் தேதியன்றே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, அறுபது மைலுக்கு மேற்பட்ட தூரம், வண்டி விட்டுவிட்டது. அந்நியக் கம்பெனிக்கு மூன்று வருஷத்தில் அறுபது மைல். சுதந்தர தேசத்திற்குப் பன்னிரண்டு வருஷத்திலும் பத்து மைல் அரிதாயிற்று!

இக்கணக்கைச் சொல்லிச் சிரிப்பவர் சிரிக்கட்டும். நாம் சிரிப்பதற்கில்லை, ஏனெனில் இது பாதிக் கணக்கே. அந்தக் கம்பெனிக்கு நிலத்தை எடுத்துக் கொடுத்தது சர்க்கார். போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி நிச்சயம் என்று ஜாமீன் நின்றதும் சர்க்காரே. நஷ்டம் வந்தால் ஈடு செய்தது இந்நாட்டுக் குடியானவனின் வரிப்பணம். அவனுடைய வயலின் நடுவே தண்டவாளம் போகும்போது அவனை ஒரு வார்த்தை கேட்டவர் எவருமில்லை. அந்த வேகம் நமக்கு வேண்டியதில்லை. குடியானவனைக் கேட்டு, உரிய விலை கொடுத்து, தண்ணீர் போகும் வழியைத் தடுக்காமல் போடும் பாதை சற்றுத் தாமதமானாலும் குற்றமில்லை. ஆனால் தாமதத்திற்கு நியாயம் வேண்டும். குடியானவனைக் கேட்பதற்காக ஆன தாமதம் ஒன்று. ஒரு காரியாலயத்துக் காகிதம் அடுத்த காரியாலயத்துக்குப் போவதற்காக ஆன தாமதம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "நிலம் எடுப்பதில் சிரமம்" என்ற ஒரே சொல்லால் மூடிவிடுவது அதிகாரிகளுக்குச் சௌகரியமாயிருக்கலாம். ஜனங்களுக்கு அது விடையாகாது.

ஓரத்தில் ரயில், நடுவில் வெறுமை

விழுப்புரம் ஜில்லாவினின்று பிரிந்து கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானது 2019 நவம்பர் 26-ஆம் தேதி. அந்த ஜில்லாவின் படத்தை விரித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் தோன்றும். தென்மேற்கு மூலையில் சின்னசேலம். அது சேலம்–விருத்தாசலம் பாதையில் இருக்கிறது. கிழக்கே உளுந்தூர்ப்பேட்டை, அது விழுப்புரம்–திருச்சிப் பாதையில். வடக்கே திருக்கோவிலூர், அது விழுப்புரம்–காட்பாடிப் பாதையில். மூன்று ஓரத்திலும் ரயில் தொட்டுக்கொண்டு போகிறது. நடுவிலுள்ள தலைநகரத்தை மட்டும் சுற்றி வளைத்துக்கொண்டு போய்விட்டது. விருந்தினர் வீட்டைச் சுற்றி மூன்று தெருவிலும் ஊர்வலம் போக, அவ்வீட்டு வாசலில் மட்டும் ஒருவரும் நிற்காமற் போனது போல.

சேலம்–விருத்தாசலம் பாதை 1930-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மீட்டர் அகலத்தில் போடப்பட்டது, 2007-இல் அகலப்பாதையாயிற்று. அந்தப் பாதை கள்ளக்குறிச்சியைப் பத்து மைலில் விட்டுவிட்டுப் போனதன் பலனை முக்கால் நூற்றாண்டாக ஊரார் அனுபவித்தனர். அரிசி ஆலைகள் நிறைந்த ஊர். சுற்றிலும் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் பூமி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற மரச் சிற்பத் தொழில். இவையனைத்திற்கும் சாலையொன்றே கதி. சேலம்–உளுந்தூர்ப்பேட்டை ரஸ்தாவில் லாரி ஓடினால் வியாபாரம். பஸ் நின்றால் பிரயாணம் இல்லை.

இந்நிலையில் ரயில் வேண்டுமென்பதை வாதித்து நிரூபிக்க வேண்டுவதில்லை. வாதிக்க வேண்டிய விஷயம் வேறு. எவ்விதமான ரயில்? யாருக்காக ரயில்? தண்டவாளம் போடுவதோடு வேலை முடிந்துவிடுகிறதா? இம்மூன்று கேள்விகளையும் நமது தேச ஊழியர்கள் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்று வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாளுக்கு ஒரு வண்டியா, மணிக்கு ஒரு வண்டியா?

நமது ஊர்களில் ரயில் கேட்பவர்கள் வழக்கமாகக் கேட்பது ஒன்றே: சென்னைக்கு ஓர் எக்ஸ்பிரஸ். இரவில் ஏறினால் விடியும்போது எழும்பூரில் இறங்க வேண்டும். அது கிடைத்துவிட்டால் ஜன்மம் சாபல்யம். மாலையும் கொடியும் பாண்டு வாத்தியமும் அந்த ஒரு வண்டிக்கே. நாம் அதை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மாதத்துக்கொருமுறை சென்னைக்குப் போகிறவனுக்காக மட்டும் பத்து மைல் பாதை போடுவது, தீபாவளிக்கு மட்டும் அடுப்பு மூட்டுவதற்குச் சமையற்கட்டு கட்டுவதாகும். நாள்தோறும் போய்வருகிறவனே பாதையை வாழவைப்பவன்: காலேஜ் மாணவன், ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி, கட்டட வேலைக்குப் போகும் கொத்தன், சந்தைக்குக் கூடை சுமக்கும் ஸ்திரீ, காரியாலயக் குமாஸ்தா. 2022-இல் திறக்கப்பட்ட சர்க்கார் வைத்தியக் கல்லூரி கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் இருக்கிறது. ஜில்லாவின் நீதிமன்றங்களும் சர்க்கார் காரியாலயங்களும் கள்ளக்குறிச்சியை நோக்கியே ஜனங்களை இழுக்கின்றன. இவர்களுக்கு வேண்டியது பெரிய வண்டி அன்று. அடிக்கடி வரும் வண்டி.

இது சாத்தியமா என்று கேட்பவர்களுக்குச் சாதாரண கணக்கு ஒன்று சொல்லுவோம். மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் 16 கிலோமீட்டரைக் கடக்க 24 நிமிஷம் ஆகும். போக 24, வர 24. இரு முனையிலும் ஜனங்கள் ஏறி இறங்க ஆறாறு நிமிஷம். மொத்தம் 60. ஆகவே ஒரே ஒரு வண்டித் தொடர் மணிக்கு ஒரு முறை போய்த் திரும்ப முடியும். காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை 16 முறை. கிளைப்பாதையில் ஒரே வண்டி மட்டும் ஓடுமானால் எதிர்வண்டிக்காகக் காத்து நிற்கும் தொல்லையும் இல்லை. இரு முனையிலும் ஓட்டுபவர் அறையுள்ள 'மெமு' போன்ற தொடராயிருந்தால் எஞ்சினைக் கழற்றி மறுபுறம் மாட்டும் வேலையும் மிச்சம். வழியிலுள்ள கிராமங்களில் இரண்டொரு சிறு நிறுத்தம் வைத்தால் நேரம் சற்றுக் கூடும். அப்பொழுதும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறைக்குக் குறைய நியாயமில்லை. இதற்கு மாட மாளிகை போன்ற நிலையங்கள் தேவையில்லை. வண்டியின் படிக்குச் சமமான உயரத்தில் மேடை, வெயிலுக்கு ஒரு கூரை, குடிக்கத் தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பிடம், இரவில் விளக்கு: இவை போதும்.

சென்னையின் அனுபவம் நம் கண்முன் இருக்கிறது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார வண்டி ஓடத் தொடங்கிற்று. அன்று சைதாப்பேட்டைக்கு அப்பால் பெரும்பகுதி வயலும் தோப்பும் ஏரியுமே. சில நிமிஷங்களுக்கொரு வண்டி என்ற நம்பிக்கை பிறந்த பிறகு, வண்டிப் பாதையோரம் ஊர் வளர்ந்தது. குறைந்த சம்பளக்காரன் நகரத்துக்கு வெளியே வாடகைக்குக் குடியிருந்து நகரத்தில் பிழைக்க முடிந்தது. அதே சென்னையில் பின்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இலும், மயிலாப்பூர் வரை 1997-இலும், வேளச்சேரி வரை 2007-இலும் பறக்கும் ரயில் நீண்டது. வானளாவிய நிலையங்கள் எழுந்தன. ஆனால் நிலையத்து வாசலுக்கு பஸ் வந்து நிற்க ஏற்பாடில்லை. ரயிலுக்கு ஒரு டிக்கெட், பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட். பல நிலையங்கள் நெடுங்காலம் ஆளில்லாத சத்திரங்களைப் போல் கிடந்தன. பாதை ஒன்றே, பயன் வேறு. வண்டியின் எண்ணிக்கையும், வாசலில் நிற்கும் பஸ்ஸுமே வித்தியாசத்தை உண்டாக்கின. கோடிக்கணக்கான ரூபாய் கொடுத்துச் சென்னை கற்ற பாடத்தைக் கள்ளக்குறிச்சி இனாமாகக் கற்றுக்கொள்ளலாம்.

மலைக்கு என்ன பலன்?

கள்ளக்குறிச்சியின் மேற்கே வானத்தை மறித்து நிற்கிறது கல்வராயன் மலை. அங்கே வாழும் மலையாளி ஜனங்களைப் பற்றிச் சமவெளியிலுள்ள நாம் நினைப்பது அபூர்வம். சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் அம்மலை நெடுங்காலம் இருந்தது. தேசம் 1947-இல் சுதந்தரமடைந்தது. ஜாகீர் முறை முற்றாக அகன்று மலை நேரே சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்ததோ 1976-இல். சமவெளிக்கும் மலைக்கும் இடையே சுதந்தரமே முப்பது வருஷம் நடந்து ஏறியிருக்கிறது!

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்ட கொடுமையை எவரும் மறந்திருக்க முடியாது. அதற்குப் பிறகே கல்வராயன் மலை ஜனங்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ரஸ்தா, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பிழைப்பு ஆகியவை எந்த நிலையில் உள்ளன என்று நீதிபதிகள் கேட்க வேண்டியதாயிற்று. சட்டசபையிலும் மேடைகளிலும் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. பிழைப்புக்கு நேர்வழி இல்லாத இடத்தில் கோணல் வழிக்கு ஆள் பிடிப்பவன் எளிதாக நுழைகிறான். 2015 ஏப்ரலில் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்டவந்தவர்கள் என்று சொல்லப்பட்ட 20 தமிழர்கள் ஆந்திரப் போலீஸாரின் துப்பாக்கிக்கு இரையானபோது, அவர்களுள் வட தமிழ்நாட்டு மலைகளின் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை நினைவூட்ட வேண்டுவதில்லை.

ரயில் மலைமேல் ஏறப் போவதில்லை. மலையைக் குடைந்து அதை ஏற்றவும் வேண்டாம். ஆனால் ரயிலின் பலன் ஏறலாம். மலையின் தாலூகா தலைநகரான வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி நிலையத்துக்கு பஸ் வரவேண்டும். வண்டி வரும் நேரமும் பஸ் வரும் நேரமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கடைசி வண்டியில் இறங்குபவன் மலைக்குத் திரும்பக் கடைசி பஸ் காத்திருக்க வேண்டும். கடைசி பஸ் தவறினால் மலைவாசிக்கு ஒரு நாள் கூலியும் ஓர் இரவுத் தூக்கமும் நஷ்டம். அதற்குப் பயந்தே அவன் மேற்படிப்பையும் பெரிய ஆஸ்பத்திரியையும் தள்ளிப்போடுகிறான்.

சரக்கு விஷயத்திலும் இதே கவனம் தேவை. ரயில்வேக்காரர்களின் தற்கால வழக்கம் முழுத் தொடராகச் சரக்கு ஏற்றுவது. ஒரு தொடருக்கு நாற்பதுக்கு மேற்பட்ட வாகனங்கள். சர்க்கரை ஆலையும் பெரிய அரிசி வியாபாரியும் அதை நிரப்பலாம். நாலு மூட்டை சாமையும் இரண்டு மூட்டை புளியும் கொண்டுவரும் மலைக் குடியானவன் எதை நிரப்புவான்? அவனுக்கு வேண்டியது பிரயாணி வண்டியிலேயே ஒரு பார்சல் பெட்டி. நிலையத்தில் நியாயமான எடைக்கல். மலை ஜனங்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு சிறு கிடங்கு. இவை இல்லாத ரயில் மலையின் விளைபொருளைத் தரகன் வீட்டுக்கு இன்னும் வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவே.

நிலமும் நீரும்

நிலம் கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1894-ஆம் வருஷத்து நில ஆர்ஜித சட்டம் அந்நிய ஆட்சியின் சிருஷ்டி. 2014 ஜனவரி முதல் அதனிடத்தில் நியாயமான நஷ்டஈட்டையும் மறுவாழ்வையும் பேசும் புதுச் சட்டம் வந்தது. சட்டம் மாறினாலும் ரயிலுக்கு எடுக்கும் நிலத்தின் இயல்பு மாறவில்லை. தொழிற்சாலைக்கு எடுத்தால் முழு வயலையும் எடுக்கிறார்கள். ரயிலுக்கோ வயலின் குறுக்கே ஒரு நாடாவைப் போலக் கிழிக்கிறார்கள். கிணறு இந்தப் பக்கம், நஞ்சை அந்தப் பக்கம். எடுத்த சென்டுக்கு மட்டும் விலை கிடைக்கும். தண்ணீர் போகாமல் காய்ந்த மீதி ஏக்கருக்கு விலை சொல்பவர் யார்? பாதைக்கு அடியில் குழாய் கொண்டுபோக அனுமதியும், மாடும் டிராக்டரும் கடக்க வழியும், கேட்ட பிறகு கருணையாகத் தரும் சலுகைகளாக இருக்கலாகாது. நஷ்டஈட்டுப் பத்திரத்திலேயே எழுதப்பட்ட உரிமைகளாக இருக்க வேண்டும்.

நீரின் விஷயம் இன்னும் பெரிது. கல்வராயன் மலையில் பெய்யும் மழையே கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் ஓடைகளாகவும் இறங்கி இந்த ஜில்லாவின் ஏரிகளை நிரப்புகிறது. ரயில் மேடு என்பது தரைக்குக் குறுக்கே கட்டிய நீண்ட கரை. மதகு போதாவிட்டால் ஒரு பக்கம் வெள்ளம், மறுபக்கம் வறட்சி. ரயில் மேடுகளும் சாலை மேடுகளும் நீரோட்டத்தை மறித்து விளைச்சலைக் கெடுத்தன, மலேரியாவை வளர்த்தன என்று வங்காளத்தின் சுகாதார அதிகாரியாயிருந்த பென்ட்லி 1925-இலேயே புத்தகம் எழுதி எச்சரித்தார். கேட்டுகளை எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் தோண்டும் சுரங்கப் பாதைகள் மழைக்காலத்தில் குளமாகிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இடுப்பளவு நீரில் நடப்பதைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் யார்? வடிகால் இல்லாத சுரங்கப் பாதையைப் பாதை என்று எழுதிக்கொடுக்கும் எஞ்சினீயர் ஒரு மழை நாளில் அதன் வழியே நடந்து பார்க்கட்டும்.

நஷ்டம் என்னும் பூச்சாண்டி

"பத்து மைல் கிளைப்பாதையில் அடிக்கடி வண்டி விட்டால் கட்டுப்படியாகாது, பஸ்ஸே போதும்" என்போர் உளர். பஸ் கிராமத்து வாசல் வரை வருகிறது என்பது மெய்யே. ஆகவேதான் பஸ்ஸைப் பகையாக்காமல் ரயிலின் கிளையாக்கச் சொல்லுகிறோம். நஷ்டக் கணக்கைப் பொறுத்தவரை நமது பதில் இது. ரஸ்தா போட்ட செலவை பஸ் டிக்கெட்டில் எழுதுவதில்லை. ரயில் பாதை போட்ட செலவை மட்டும் ரயில் டிக்கெட்டில் தேடுவது நீதியாகாது. அன்றியும், நாளுக்கொரு வண்டி விட்டுவிட்டு, ஜனங்கள் வரவில்லையென்று சொல்வது, கதவைச் சாத்திக்கொண்டு விருந்தாளி வரவில்லையென்று குறைப்படுவதாகும்.

ஸ்தல ஸ்தாபனங்கள் இவ்விஷயத்தில் எவ்வளவு துணிவு காட்டக்கூடும் என்பதற்குத் தஞ்சை ஜில்லா போர்டே சாட்சி. ஜனங்களிடம் செஸ் வரி வசூலித்து, அப்பணத்தைக் கொண்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-இல் பாதை திறந்தது அந்தப் போர்டு. அந்நிய ஆட்சியின் கீழ்க்கூட ஒரு ஜில்லாவினால் அது முடிந்தது. மறுபக்கம் ஓர் எச்சரிக்கையும் அதே சீமையில் இருக்கிறது. 1926-இல் திறந்த மாயவரம்–தரங்கம்பாடிக் கிளைப்பாதையில் 1986-இல் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பின்பு தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. பாதை போட்டால் சாசுவதம் என்று எண்ணுவோருக்குத் தரங்கம்பாடி பதில் சொல்லும்.

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது கப்பல் வாங்கியது ஒரு நாள் சம்பவம். ஒவ்வொரு நாளும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே அதை ஓட்டியதே யுத்தம். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அதிகாரிகள் இடையூறு செய்தனர். 1908-இல் அவர் சிறை புகுந்த பிறகு கப்பலைக் காப்பாற்ற ஆளில்லை. 1911-இல் கம்பெனி மூடப்பட்டது. கப்பலை வரவேற்கக் கடற்கரையில் கூடிய கூட்டம், கணக்குப் புஸ்தகத்தைக் காப்பாற்றக் கூடவில்லை. இந்தப் பாடத்தை நாம் மறக்கலாகாது.

நாம் கேட்க வேண்டியது

காந்தியடிகள் 1909-இல் ரயிலையே தேசத்துக்குக் கேடு என்று கண்டித்தார். அவரே 1915-இல் தாயகம் திரும்பிய பிறகு மூன்றாம் வகுப்பில் நாடெங்கும் பிரயாணம் செய்து, 1917-இல் அந்த வகுப்பின் அவலங்களை உலகறிய எழுதினார். ரயில் நல்லதா கெட்டதா என்பதைக் காட்டிலும், கடைசிப் பெட்டியில் உட்கார்ந்திருப்பவனை அது எப்படி நடத்துகிறது என்பதே அவருடைய கேள்வியாயிற்று. கள்ளக்குறிச்சிப் பாதையையும் அந்த உரைகல்லில்தான் உரைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே நமது தேச ஊழியர்கள் எக்கட்சியினராயினும் ஒன்றுகூடிக் கேட்க வேண்டுவன இவை. வேலையின் நிலைமையையும் நிலத்துக்குக் கொடுத்த பணத்தையும் ஊர் ஊராக, தமிழில், ஜனங்கள் காணும்படி பிரசுரிக்க வேண்டும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறைக்குக் குறையாமல் சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்குமிடையே வண்டி ஓட வேண்டும். சேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் போகும் வண்டிகளுடன் அவை இணைய வேண்டும். வெள்ளிமலை, கச்சிராயபாளையம், சங்கராபுரம் பஸ்கள் நிலைய வாசலுக்கே வர வேண்டும். மலை விளைபொருளுக்குப் பார்சல் வசதி வேண்டும். மதகுகளையும் சுரங்கப் பாதைகளையும் முதல் மழைக்குப் பின் கிராமத்தார் முன்னிலையில் மறுபரிசோதனை செய்ய வேண்டும். இவற்றுள் ஒன்றாவது அரிதானதன்று. ஒன்றாவது கேட்காமல் கிடைக்கப்போவதுமன்று.

கொடியசைக்கும் நாளில் மேடையில் இடம்பிடிக்கப் பலர் வருவார்கள். அது பெரிதன்று. அதற்கு மறுநாள் காலை, ஒரு மலைவாசி தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிலையத்துக்கு வந்து, அடுத்த வண்டி எப்பொழுது என்று கேட்பான். "இன்னும் ஒரு மணியில்" என்று விடை வந்தால், இந்தப் பத்து மைல் அவனுக்காகப் போடப்பட்டது. "நாளைக்கு வா" என்று விடை வந்தால், அது பிறருக்காகப் போடப்பட்டது. அதற்கு நாம் அனைவரும் பொறுப்பாளிகள்.